பெட்டியில் வந்த கொட்டாப்புளி

ராயபுரம்,
விபவ வருஷம், ஆவணி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை கோதண்டம் அவர்களுக்கு, வேம்புவின் ஆயா கெங்கம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று வழக்கமாக ஒரு வரி போடுவேன். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காகப் போடவில்லை. சிரஞ்சீவி என்று போடலாமா கூடாதா என்று உங்கள் அண்ணன் பரசுராமனும் நானும் காலையில் ஒரு பாட்டம் சண்டை போட்டு முடித்தோம். எழுதுகிறவள் நான், அதனால் போட்டுவிட்டேன்.

எழுத்து கோணலாக இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்த கை இது. இந்தத் தெருவில் என் வயசுப் பொம்பளைகளில் தன் கடிதத்தைத் தானே எழுதுகிறவள் நான் ஒருத்திதான். வேம்பு என்னைவிட நூறு பங்கு அழகாக எழுதுவாள். எட்டாவது தேறி, முனிசிபல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புக்கு வாத்தியாரம்மா ஆகியிருக்கிறவள் ஆயிற்றே. அவளைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். "நீயே எழுது ஆயா. நான் எழுதக் குந்தினா வேற இன்னாவோ வந்துடும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுடைய சிலேட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரங்கூனில் பேதி கண்டு காலமாகிவிட்டதாக, ஆடிக் கிருத்திகை கழிந்து எங்களுக்குச் சேதி வந்தது. சேதியோடு உங்கள் தகரப் பெட்டியும் வந்தது. கொண்டுவந்தவர் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைத் தவசிமுத்து. அவருக்கு அங்கேயும் ஒரு கடை உண்டு அல்லவா. அந்தக் கடை ஆளிடம், கூலிக்காரர்கள் தங்குகிற ஏதோ ஒரு விடுதிக்காரன் பெட்டியை ஒப்படைத்திருக்கிறான். பேதியில் விழுந்த மனிதர் பேசக்கூட முடியாமல் ஒரே நாளில் போய்விட்டாராம். முனிசிபாலிட்டிக்காரர்கள் உடனே எடுத்துப் போய்த் தகனம் செய்துவிட்டார்களாம். "மூடி மேல கோதண்டம், ராயபுரம்னு பெயிண்டுல பேரு கிடக்குல்லா அம்மா, அதப் பாத்துத்தான் ஆளு இன்னாருன்னே தெரிஞ்சிருக்கு" என்றார் தவசிமுத்து. பாவம், நல்ல மனிதர். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்.

உங்கள் அம்மா சொக்கம்மாள் விழுந்து அழுததை எழுதப்போவதில்லை. பெட்டி உங்கள் பெட்டிதான். மூலையில் இருந்த நசுங்கல், உங்கள் கையால் போட்ட பேர், எல்லாம் அதேதான். உள்ளே உங்கள் கல்யாண வேட்டி இருந்தது. வேம்பு கொடுத்தனுப்பிய குங்குமச் சிமிழ் இருந்தது. யாருடையது என்று தெரியாத ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. அதற்கு அடியில், பழைய கித்தான் துணியில் சுற்றி, ஒரு சாமான் இருந்தது. அரிசி மில் பிட்டர் வேலைக்கு ஆகிற உங்கள் சாமான் ஒன்றுகூட இல்லை. அரம் இல்லை, ஸ்பேனர் இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கு யாரையும் தொடவிடாமல் நீங்களே பொட்டு வைப்பீர்களே, அந்தப் பித்தளை அளவுகோலும் இல்லை.

அந்தச் சாமானைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. பார்த்தால் தச்சன் உளியை அடிக்க வைத்திருக்கிற கொட்டாப்புளி மாதிரி இருக்கும். கறுத்த மரம், இரும்பு மாதிரி கனம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடி. தலை உருண்டையாக ஒரு சாண் நீளம். ஆனால் பிடி நுழைகிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், தலையின் நீளத்துக்கும் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது. மூங்கிலை நெடுக்கே பிளந்தால் உட்பக்கம் எப்படி இருக்கும், அந்த மாதிரி. அடிக்கிற சாமானுக்கு எதற்குப் பள்ளம்?

எனக்கு இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு வழக்கம் அப்படி. வெளியூரில் செத்துப்போனவனுக்குக் கருமாதி செய்யும்போது கல்லுக்குப் பக்கத்தில் அவன் தொழில் சாமானை வைத்து, அதற்குத்தான் முதல் தண்ணீர் ஊற்றுவீர்கள். உங்கள் அப்பாவுக்கு அவருடைய சம்மட்டியை வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் விழுந்த பிறகுதான் பெண்டாட்டி கழுத்தில் கை வைப்பார்கள். பெட்டியில் வேறு சாமான் இல்லாததால் உங்கள் அண்ணன் இதையே வைப்பதென்று முடிவு செய்துவிட்டார். உங்கள் அம்மா அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றிவிட்டார். சேதி வந்த நாளிலிருந்து பதினாறாம் நாள் கருமாதி என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நான் ஒன்றுதான் சொன்னேன். இது இன்ன சாமான், இன்ன வேலைக்கு ஆவது என்று யாராவது ஒரு ஆள் எனக்குச் சொல்லட்டும், அப்புறம் தண்ணீர் ஊற்றலாம் என்றேன். பெயர் தெரியாத கட்டைக்குத் தண்ணீர் ஊற்றி என் பேத்தி கழுத்தை மூளியாக்க நான் விடமாட்டேன் என்றும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, எதிர்வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

உங்கள் அண்ணனுக்குக் கோபம். "ரங்கூன் மில்லுல எத்தினியோ மிஷினு கீது. எல்லாத்தையும் உன்னாண்ட வந்து காட்டிட்டுத்தான் சாவணுமா?" என்றார். "நீயும் ரயில் ஒர்க்‌ஷாப்புல பிட்டர்தானேப்பா, இது பிட்டர் சாமான்னு உன் தம்பி பேர்ல சத்தியம் பண்ணு, நான் வாய மூடிக்கிறேன்" என்றேன். அவர் சத்தியம் பண்ணவில்லை. கோபக்காரரே தவிரப் பொய் சொல்லத் தெரியாதவர்.

பிறகு தெருவே வந்து பார்த்தது. சப்பாத்தி தேய்க்கிற கட்டை என்றாள் ஒருத்தி. காலுக்கு எண்ணெய் போட்டு உருட்டுகிற கட்டை என்றார் இன்னொருவர், தன் காலிலேயே உருட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கோணி போட்டு மூடி, தச்சர் பொன்னுரங்கத்தின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயா, இத்தால ஒரு அடிகூட அடிக்கல. கொட்டாப்புளின்னா மூஞ்சி சப்பி, நாரு நாரா வந்துனு இருக்கும். இதுக்கு ரெண்டு மூஞ்சியும் கண்ணாடியாட்டம் கீது பாரு. தேஞ்சதெல்லாம் பள்ளத்துலயும் பிடியிலயும்தான்" என்றார். அப்படியானால் எதற்கு என்றேன். "அது தெரிஞ்சா நான் ஏன் கட்டில் காலு செதுக்கிகினு கீறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, சந்தனமும் குங்குமமும் பள்ளத்தில் அப்பியிருந்ததால், சுடுதண்ணீர் ஊற்றி நார் போட்டுத் தேய்த்தேன். உங்கள் அம்மா திட்டினார். திட்டட்டும். சூடு பட்டதும் கட்டையிலிருந்து கீல் வாசனை எழும்பியது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டாம். படகுக்கும் கப்பல் கயிற்றுக்கும் பூசுகிற கீல். அரிசி மில்லில் கீலுக்கு என்ன வேலை?

உங்களுக்கு அப்துல் வஹாபைத் தெரிந்திருக்கும். வாலிபத்தில் பாய்க்கப்பலில் கலாசியாகப் போய், பிறகு கலாசிகளை மேய்க்கிற சாரங்காகி, இப்போது துறைமுகத்துக் கிடங்கில் கயிறு பார்க்கிறவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருக் கோடியில்தான் அவர் வீடு. அவரிடம் போனேன். கோணியைப் பிரித்ததும் அவர் முகம், ரொம்ப நாள் பார்க்காத தோஸ்தைப் பார்த்தது மாதிரி மலர்ந்துவிட்டது. "இத்த எங்க புட்ச்ச, கெங்கம்மா?" என்றார். கப்பல் பாஷையில் ஏதோ ஒரு பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

சொல்வதைவிடச் செய்து காட்டுகிறேன் என்று, இரண்டு தூணுக்கு நடுவே ஒரு வடத்தை விறைப்பாகக் கட்டினார். கொட்டாப்புளியின் பள்ளத்தை அந்த வடத்தின் மேல் பதிய வைத்தார். பூட்டின மாதிரி உட்கார்ந்தது. மெல்லிய சணல் சரடு ஒன்றைப் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, வடத்தைச் சுற்றிக் கட்டையைச் சுழற்றினார். கட்டை ராட்டினம் மாதிரி வடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட, சரடு இடைவெளி விடாமல் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வடத்தின் மேல் ஏறியது. நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை. வடத்துக்குச் சட்டை போட்ட மாதிரி ஆகிவிட்டது. "உப்புத்தண்ணி உள்ள எறங்கி வடம் அழுவக்கூடாது பாரு, அதுக்குத்தான். வெறுங்கையால இழுத்தா இவ்ளோ இறுக்கம் வராது. இது அடிக்கிற கட்டையில்ல, சுத்துற கட்டை" என்றார்.

இது என் பேத்தி புருஷனுடையதாக இருக்குமா என்று கேட்டேன். அவர் அரிசி மில் பிட்டர், மூன்று வருஷமாக ரங்கூனில் என்றும் சொன்னேன். வஹாப் பிடியை என் கையில் கொடுத்து விரலால் தடவச் சொன்னார். விரல்கள் படிகிற இடம் குழிந்து போயிருக்கிறது. அவர் தன் விரல்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தவில்லை. "மூணு வருசத்துல இந்த மரம் ஒரு நூலுகூடத் தேயாது. இது ஒரே ஆளு கை. ஒரு ஆயுசு வேலை" என்றார். அப்புறம் பிடியின் அடியைத் திருப்பிக் காட்டினார். சந்தனம் அடைத்துக்கொண்டிருந்ததால் நாங்கள் பார்க்கவே இல்லை. கத்தியால் கீறிய ஒரு பிறை, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கலாசிகள் தங்கள் சாமானில் தங்கள் அடையாளத்தைப் போட்டுக்கொள்வார்களாம். "இவன் எங்க ஆளு" என்றார்.

அந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்டார். நான் விடுதியைப் பற்றிச் சொன்னேன், பேதியைப் பற்றிச் சொன்னேன், பெட்டி மேலிருந்த பேரைப் பார்த்துத் தகனம் செய்ததையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது. "கொளுத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையசைத்தேன். கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கைகால் கழுவிக்கொண்டு வந்து, அந்த மனிதருக்காக அங்கேயே நின்று துவா செய்தார். நான் முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். நான் சந்தோஷப்பட வந்த இடத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, மாப்பிள்ளை. யாரோ ஒருத்தி கழுத்தில் கருகமணியோடு, இன்னும் ஒன்றும் தெரியாமல், எந்த ஊரிலோ சமைத்துக்கொண்டிருப்பாள்.

செத்தவர் நீங்கள் இல்லை, உங்கள் பெட்டியை வைத்திருந்த ஒரு கலாசி என்று வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அண்ணன் சுலபத்தில் விடவில்லை. பழைய சாமானாக வாங்கியிருப்பான், மில்லை விட்டுக் கப்பலில் சேர்ந்திருப்பான் என்றார். அதற்கு உங்கள் அம்மாவே பதில் சொல்லிவிட்டார். "யாரு? என் புள்ளையா? காசிமேட்டுல கட்டுமரத்தாண்ட நின்னாலே கொமட்டுதுன்னு ஓடியாந்தவன் அவன். ரங்கூன் போற வரிக்கும் தலைய தூக்கலைன்னு அவனே எழுதியிருந்தானே, அவனா கப்பல்ல வேலைக்குப் போவான்?" என்றார். அழுகைக்கு நடுவே அவர் சிரித்ததை நான் பார்த்தேன். நான் என் பங்குக்கு, சாகிற மனிதன் ஸ்பேனரையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு போகமாட்டான் என்றேன். தொழில் சாமானைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார் என்றால் எங்கேயோ தொழில் செய்கிறார் என்றுதான் அர்த்தம்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கருமாதி நிறுத்தியாகிவிட்டது. ஆனால் என்றைக்குமாக இல்லை. கார்த்திகை தீபம் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் பெரியவர்கள் சொல்கிறபடி செய்வது என்று பேச்சு. அன்றைக்கு வைக்கச் சாமான் இல்லை என்றால் உங்கள் பழைய காக்கிச் சட்டையை வைப்பார்களாம். அப்போது என் வாயை அடைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கும், எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதுவரை வேம்பு பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள். தலைமை அம்மா ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, நீ என்னதான் முடிவு செய்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். "முடிவு என் கையில இல்லீங்க, தபால்காரர் கையில கீது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் பேத்தி.

அந்தச் சுற்றுக் கட்டையை வஹாப் வாங்கிக்கொண்டார். ரங்கூன் போகிற கப்பலில் அவருக்குத் தெரிந்த சாரங்கு இருக்கிறார். கலாசிகள் தங்குகிற இடங்களில் அந்த அடையாளத்தைக் காட்டி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மா அதைக் கொடுக்கும்போது வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். விளக்கை மட்டும் அணைக்கவில்லை. "எந்தத் தாய் பெத்த புள்ளையோ, எரியட்டும்" என்றார். அவருக்குக் கண் இப்போது சாயங்காலத்தில் சரியாகத் தெரிவதில்லை. முன்கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவதாக உங்கள் அண்ணன் சொல்லியிருக்கிறார். தெருக்குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது.

இதே கடிதத்தைப் பார்த்து எழுதி மூன்று வழியாக அனுப்புகிறேன். ஒன்று நீங்கள் முதலில் வேலை பார்த்த மில்லுக்கு, ஒன்று தவசிமுத்து கடை வழியாக, ஒன்று அந்தச் சாரங்கிடம். மூன்றும் வந்து சேர்ந்தால் கிழவிக்குப் பைத்தியம் என்று நினைக்கவேண்டாம்.

இன்னும் ஒன்று. சாமானை எடுத்துக்கொண்டு போனவர் கல்யாண வேட்டியையும் சிமிழையும் பெட்டியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பதை நான் யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. வேம்புவிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் முட்டாள் இல்லை. அந்த வேட்டியை வெயிலில் போட்டு, மடித்து, தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். "உசுரோட இருந்தா நல்லா நாலு வார்த்த திட்டலாம் ஆயா. செத்துப்போனா அதுகூட முடியாது" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

இனி மாப்பிள்ளை மரியாதையை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு எழுதுகிறேன். கோதண்டம், நீ வருவாயா மாட்டாயா என்று நான் கேட்கவில்லை. பெட்டியை ஏன் விட்டாய், மாசியிலிருந்து ஏன் கடிதம் போடவில்லை, இப்போது எங்கே இருக்கிறாய் என்றும் கேட்கமாட்டேன். ஒரு கார்டு போடு. உன் கையெழுத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். எழுதுவதற்கு வேறு ஒன்றும் மனசுக்கு வராவிட்டால், ரங்கூனில் மழை பெய்கிறது என்று எழுது. உன் அம்மாவுக்கும் என் பேத்திக்கும் அது போதும். மேற்கொண்டு என்ன செய்வது என்று வேம்பு பார்த்துக்கொள்வாள். அவளுக்குத் தெரியும்.

காய்ச்சின தண்ணீரையே குடி. யார் சமைத்துப் போட்டாலும் வேளைக்குச் சாப்பிடு. நான் போன பிறகும், உன் அம்மா போன பிறகும், நீ நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆயா,
கெங்கம்மா.